96 ஆடுகளும் ஒரு தலைப்பும்

சோழர் காலத்துக் கல்வெட்டைப் படித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு கஷ்டம் தெரிந்திருக்கும். விஷயம் என்னவோ சின்னதுதான். யாரோ ஒரு புண்ணியவான் கோயிலில் நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்திருப்பார். அந்த ஆடுகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் வாசலிலேயே ராஜா மறித்துக்கொள்வார். எந்த நாட்டை அடித்தார், எந்த மலையைப் பிடித்தார், எவன் முதுகு காட்டி ஓடினான் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் உள்ளே விடுவார். இதற்குப் பெயர் மெய்க்கீர்த்தி. 985-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் ராஜராஜன் ஒழுங்குபடுத்திவைத்த வழக்கம். ஆட்சியாண்டு ஏற ஏற மெய்க்கீர்த்தியும் நீண்டுகொண்டே போகும். ஆடு மட்டும் அதே 96.

ஒரு பிடிஎஃப் கோப்பை இரண்டாக வெட்டுவது எப்படி என்று இன்று இணையத்தில் தேடிப் பாருங்கள். "பிடிஎஃப் வெட்டும் மென்பொருள் | சிறந்தது | இலவசம் | அதிவேகம் | இன்னார் கம்பெனி" என்று வாசலில் ஒரு ராஜா நிற்பார். அவரைத் தாண்டி உள்ளே போனால் பிடிஎஃப் என்றால் என்ன, அது மனித குலத்துக்கு ஏன் முக்கியம் என்று ஏழு பத்தி. ஆடு எங்கே? எட்டாவது பத்தியில், "இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்" என்ற பொத்தானுக்குப் பின்னால் கட்டிப்போட்டிருப்பார்கள்.

இந்த ராஜாக்கள் பட்டத்துக்கு வந்த சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. ஆகவே நாமே படலம் படலமாகப் பார்த்துவிடுவோம்.

தொலைபேசிப் புத்தகப் படலம்

கூகுள் இல்லாத காலத்திலும் தேடுபொறி இருந்தது. தலையணைப் பருமன், மஞ்சள் தாள். அதன் அல்காரிதம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் மனப்பாடம்: ஏ, பி, சி, டி. அதை ஏமாற்ற ஒரே வழி, பெயரை மாற்றிக்கொள்வது. அமெரிக்காவில் குழாய் ரிப்பேர்காரரும் பூட்டு திறப்பவரும் கடைக்கு "ஏஏஏ" என்று பெயர் வைத்தது நியூமராலஜி பார்த்து அல்ல.

கம்ப்யூட்டர்காரர்களின் கதையை 1972-ல் தொடங்கலாம். நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் தங்கள் வீடியோ கேம் கம்பெனிக்கு முதலில் வைத்திருந்த பெயர் சிசிஜி. வானத்தில் கோள்கள் ஒரே கோட்டில் நிற்பதைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்தில் மூன்று ஒய். அந்தப் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் "கோ" என்ற ஜப்பானியப் பலகை விளையாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்து "அட்டாரி" என்று வைத்தார்கள். எஸ்-ல் கிடக்க வேண்டிய கம்பெனி ஏ-வுக்கு வந்து சேர்ந்தது. அதிர்ஷ்டம் என்பது இதுதான்.

அந்த அட்டாரியில் வேலை பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ் 1976 ஏப்ரல் 1 அன்று நண்பர்களோடு சொந்தக் கடை போட்டார். ஆப்பிள் என்று பெயர் வைத்ததற்குப் பழத்தோட்டம், எளிமை என்று பல காரணங்கள் சொன்னார். தொலைபேசிப் புத்தகத்தில் அட்டாரிக்கு முன்னால் வரும் என்பதும் அவர் வாயாலேயே சொன்ன காரணங்களில் ஒன்று. பழைய முதலாளியைச் சந்தையில் முந்துவதற்கு முன் புத்தகத்தில் முந்திவிட வேண்டும் என்ற ஆசை.

இதற்குப் பிறகு இது தொற்றுநோயாகிவிட்டது. விளையாட்டை எழுதியவனின் பெயரை அட்டாரி பெட்டியில் போடுவதில்லை என்ற கோபத்தில் நான்கு புரோகிராமர்கள் வெளியேறி 1979-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயருக்காக வெளியே வந்தவர்கள் பெயர் வைப்பதில் கோட்டை விடுவார்களா? ஆக்டிவிஷன் என்று வைத்தார்கள். ஏ-வுக்கு அடுத்து சி. அட்டாரிக்கு அடுத்தது டி. முந்தியாகிவிட்டது.

சில வருடத்தில் அந்த நால்வரில் இருவருக்கு ஆக்டிவிஷனும் கசந்தது. 1984-ல் பிரிந்துபோய் அக்கொலேட் தொடங்கினார்கள். ஏ, சி, இன்னொரு சி. மறுபடி முந்தியாகிவிட்டது. 1986-ல் ஆக்டிவிஷனிலிருந்து இன்னொருவர் பிரிந்தார். அவர் ஒரேயடியாக அப்சொல்யூட் என்று வைத்தார். ஏ-வுக்கு அடுத்து பி. (ஆப்பிளிலும் பிதானே என்று கேட்கக் கூடாது. தமிழில் நமக்கு இருப்பது ஒரே ப. ஆங்கிலத்தில் இது முன்னால் வரும் பி.) 1987-ல் ஆக்டிவிஷனில் இருந்த வேறொருவர் அகராதியை எடுத்து உட்கார்ந்து அக்ளெய்ம் என்பதைக் கண்டுபிடித்தார். ஆக்டிவிஷனுக்கும் முன்னால், அக்கொலேடுக்கும் முன்னால். இன்னும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் அமெரிக்காவில் ஆட்வார்க் என்ற, எறும்பு தின்னும் விலங்கின் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வந்திருக்கும்.

வரிசையில் முந்தியவர்கள் என்ன ஆனார்கள்? அப்சொல்யூட் 1995-ல் கடையை மூடியது. அக்ளெய்ம் 2004-ல் திவால். அக்கொலேடை 1999-ல் இன்ஃபோகிராம்ஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனி பிற்பாடு தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? அட்டாரி. எவனை முந்த ஓடினார்களோ அவன் வயிற்றுக்குள்ளேயே போய் முடிந்தார்கள். ஆக்டிவிஷனை 2023-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிப் போட்டது. அவர்கள் புத்தகத்தில் எம்.

புத்தகம் இணையத்துக்குக் குடிபெயர்ந்தபோது வியாதியும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்தது. 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் இணையதளங்களை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்குள்ளும் அகர வரிசையில் அடுக்கினார்கள். உடனே ஊரில் இருந்த கம்பெனிகளுக்கெல்லாம் "ஏ1" என்று புதுப் பெயர் முளைத்தது. அதே வருடம் ஜெஃப் பெசோஸ் தன் கடைக்கு "கடாப்ரா" என்று பெயர் வைத்தார். அது அவருடைய வக்கீல் காதில் "கடாவர்" என்று விழுந்தது. அப்படியென்றால் பிணம். பெயரை மாற்றியே ஆக வேண்டிய நிலையில் அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்டி அமேசானைப் பிடித்தார். இவ்வளவு பேரையும் ஏ-வை நோக்கி ஓடவைத்த அந்தப் பட்டியலின் பெயர் யாஹூ. ஆங்கில நெடுங்கணக்கின் கடைசியிலிருந்து இரண்டாவது எழுத்து.

டைட்டில் படலம்

இதற்கிடையே ஸ்விட்சர்லாந்தில், சேர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்ற சாது இருந்தார். 1991-ல் அவர் வெளியிட்ட இணையப் பக்கத்துக்கான குறிமொழியில் இருந்த சொற்ப உறுப்புகளில் ஒன்று டைட்டில். அது பக்கத்துக்குள் தெரியாது. ஜன்னலின் நெற்றியில் தெரியும். நோக்கம் ரொம்ப எளிமை: இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று, பக்கத்தைத் திறக்காதவனுக்கும் புரிய வேண்டும்.

1995 நவம்பரில் வெளிவந்த விதிமுறை ஆவணம் இதை இன்னும் விளக்கிச் சொன்னது. வெறுமனே "முன்னுரை" என்று தலைப்பு வைக்காதீர்கள், எதற்கு முன்னுரை என்று ஊரில் ஒருவனுக்கும் புரியாது. 64 எழுத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், நீளமானால் சில இடங்களில் வெட்டுப்படும். கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் பந்திக்கு முன் சொல்வாரே, "பார்த்து, சிந்தாமல் சாப்பிடுங்கள்" என்று, அந்தத் தொனி. பந்தியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது.

தமிழ்த் தளங்கள் இந்தப் பந்தியில் வேறு மாதிரித் திண்டாடின. அப்போது யூனிகோட் பரவவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. பக்கத்துக்குள் தமிழ் ஜம்மென்று தெரியும். ஜன்னலின் நெற்றிக்கு மட்டும் அந்த எழுத்துரு எட்டாது. அங்கே தமிழில் தலைப்பு வைத்தால் ஐரோப்பிய எழுத்துகள் கொம்பும் புள்ளியுமாகக் குழம்பி, யாரோ பேயோட்டுவது போலத் தெரியும். உலகமே தலைப்பில் பொய் எழுதிக்கொண்டிருந்தபோது நாம் மட்டும் ஒன்றுமே புரியாதபடி நேர்மையாக இருந்தோம்.

ஆல்டாவிஸ்டா படலம்

விதிமுறை வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 1995 டிசம்பர் 15-ல் டிஜிட்டல் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியைத் திறந்தது. தேடுவது அவர்கள் தொழில் அல்ல. தங்களுடைய ஆல்ஃபா கம்ப்யூட்டர்கள் எவ்வளவு பலசாலி என்று ஊருக்குக் காட்ட வேண்டும், அதற்காகப் பளு தூக்கிக் காட்டினார்கள். பளு பிரபலமாகிவிட்டது, பயில்வானை யாரும் பார்க்கவில்லை.

இதில் ஒரு கிளைக்கதை. ஆல்டாவிஸ்டா டாட் காம் என்ற முகவரி டிஜிட்டலிடம் இல்லை. அதே பெயரில் ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியிடம் இருந்தது. எதையாவது தேடலாம் என்று முகவரியை அடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக இவர்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல், ஒரு தலைப்பும் யோசிக்காமல் கிடைத்த விளம்பரம். 1998-ல் டிஜிட்டலை வாங்கிய காம்பேக், 30 லட்சம் டாலருக்கும் மேலே கொடுத்து அந்த முகவரியை மீட்டது. பெயர் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்து ஜெயித்தது, இந்தச் சரித்திரத்தில் இவர்கள் மட்டும்தான்.

மற்றவர்களுக்கு உழைப்புத் தேவைப்பட்டது. தேடுபொறிகள் பக்கத்தின் உடம்பைவிட டைட்டிலில் வரும் சொல்லுக்கு அதிக மரியாதை தருகின்றன என்ற ரகசியம் கசிந்தது. கலிஃபோர்னியாவில் ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனி, வருடம் 1997 என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் டப்பிங்கில் கேட்போம்.

"தம்பி, நம்ம பக்கம் ஏன் எட்டாவதா வருது?"

"டைட்டில்ல 'சாஃப்ட்வேர்'னு ஒரு தடவைதான் சார் இருக்கு."

"முதல்ல வர்றவன் எத்தனை தடவை போட்டிருக்கான்?"

"பதினொண்ணு சார்."

"அப்ப பன்னிரண்டு போடு."

"படிக்கிறவங்க என்ன சார் நினைப்பாங்க?"

"யாரு படிக்கிறா?"

இப்படித்தான் "சாஃப்ட்வேர் சாஃப்ட்வேர் இலவச சாஃப்ட்வேர் சாஃப்ட்வேர்" என்று தலைப்புகள் வந்தன. ஏலக்கடையில் விட்டுக்கொடுக்காமல் கை தூக்குகிறவர்கள் மாதிரி, பன்னிரண்டைப் பார்த்தவன் பதின்மூன்று போட்டான். ஒரே பக்கத்துக்கு வரிசையாகப் பல டைட்டில் எழுதிய மேதைகளும் உண்டு. நெட்ஸ்கேப் உலாவியின் ஆரம்பப் பதிப்பில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னலின் நெற்றியில் ஓடும். ஒரு ஆள், பத்து நாமம். அதுவும் போதாதென்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதுவது அதுவரை உளவாளிகள் செய்த வேலை.

விளைவு என்ன ஆயிற்று என்றால், எவன் எதைத் தேடினாலும் கிடைக்கவில்லை. 1998-ல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு தகவல் இருக்கிறது. 1997 நவம்பர் நிலவரப்படி, முதல் நான்கு வணிகத் தேடுபொறிகளில் ஒன்றால்தான் தன் பெயரைக் கொடுத்தால் தன்னையே முதல் பத்துக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. மற்ற மூன்றும் கண்ணாடியைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தன.

உபயப் படலம்

சிலருக்குத் தங்கள் தலைப்பில் மட்டும் பெயர் போட்டால் திருப்தி இல்லை. கோயில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். "உபயம்" என்று தொடங்கி உபயதாரரின் பெயர், அப்பா பெயர், கடைத்தெரு எல்லாம் எழுதி, மிச்சமிருக்கும் இரண்டு அங்குலத்தில் வெளிச்சம் வரும். பெரிய கம்பெனிகள் அந்த வழியைப் பிடித்தன.

அந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஜன்னலின் நெற்றியில் தலைப்பை அடுத்து ஒரு கோடு, அதை அடுத்து "மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்". கவிதைப் பக்கம், கருமாதி அறிவிப்பு, பெர்னர்ஸ்-லீயின் சொந்தப் பக்கம் என்று எதைத் திறந்தாலும் உபயம் மைக்ரோசாஃப்ட். அந்த வால் போதாதென்று இணைப்புக் கொடுத்த கம்பெனி தன் பெயரையும் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வசதி செய்து கொடுத்தது. வாலுக்கு வால்.

பக்கம் செய்யும் மென்பொருள்களோ இன்னும் கில்லாடிகள். அடோபியின் கோலைவில் புதுப்பக்கம் திறந்தால் "வெல்கம் டு அடோபி கோலைவ்" என்று டைட்டில் தயாராக இருக்கும். மாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தோன்றவே இல்லை. பல் வைத்தியர், பூக்கடை, பாதிரியார் எல்லோருடைய வாசலிலும் அடோபியே நின்று கும்பிட்டு வரவேற்றது. ட்ரீம்வீவர் கொஞ்சம் அடக்கமான பிறவி, "அன்டைட்டில்டு டாக்குமென்ட்" என்று விட்டுவிடும். ஃபிரன்ட்பேஜ் "நியூ பேஜ் 1" என்னும். பெயர் வைக்காமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளைகள் மாதிரி இந்தப் பக்கங்கள் லட்சக்கணக்கில் இணையம் முழுக்க அலைந்தன. இன்றைக்கும் புதிதாக நிறுவிய சர்வர் ஒன்றைத் தட்டினால் "வெல்கம் டு என்ஜின்எக்ஸ்!" என்று ஆச்சரியக்குறியோடு கதவு திறக்கும். வீட்டில் ஆள் இல்லை. காவலாளி மட்டும் ரொம்ப உற்சாகமாக இருக்கிறான்.

பட்டப்பெயர்ப் படலம்

கூகுள் வந்து ஒரு காரியம் செய்தது. உன்னைப் பற்றி நீ சொல்வதை ஓரளவு கேட்கிறேன், உன்னைப் பற்றி ஊர் சொல்வதை அதிகம் கேட்கிறேன் என்றது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எப்பேர்ப்பட்டவர்கள், எந்தச் சொல்லைச் சொல்லி வழிகாட்டுகிறார்கள் என்று பார்த்தது. சுயபுராணம் ஒழிந்தது என்று நல்லவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ஊர் பெயர் வைக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருவன் எவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் ஊர் வைத்த பட்டப்பெயர்தான் நிற்கும். 1999-ல் "சாத்தானைவிடக் கொடியவன்" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் கூகுளில் தேடினால் முதலில் வந்து நின்றது மைக்ரோசாஃப்ட்டின் முகப்புப் பக்கம். அந்தப் பக்கத்தின் டைட்டிலில் சாத்தானும் இல்லை, கொடுமையும் இல்லை. அக்கம்பக்கத்தார் அன்போடு சூட்டியது.

அடோபிக்கு வாய்த்தது இன்னும் விசேஷம். பிடிஎஃப் கோப்பு வைத்திருந்த ஒவ்வொரு தளமும் "இதைப் படிக்க ரீடர் வேண்டும், இங்கே சொடுக்கவும்" என்று ஒரு சுட்டி போட்டது. "இங்கே சொடுக்கவும்" என்பதற்கான ஆங்கிலச் சொற்களைக் கூகுளில் தேடினால் பல வருடங்கள் முதலிடத்தில் வந்தது அடோபி ரீடர் பக்கம். உலகத்தின் பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் "இறங்குமிடம்" என்று எழுதியிருக்க, அது ஒரு ஊரின் பெயராகிப்போன கதை.

ஆனால் கூகுள்காரர்கள் அந்த 1998 கட்டுரையில் இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தார்கள்: ஊர் சொல்வதை எடைபோடும் பேஜ்ரேங்க் என்ற அந்த முறை துணை இருந்தால், தலைப்பை மட்டும் பார்த்துத் தேடினாலே முடிவுகள் பிரமாதமாக வருகின்றன. திருடனிடம் வீட்டைக் காட்டி, "இந்த ஜன்னல் மட்டும் சரியாகப் பூட்டாது" என்று சொன்னதற்குச் சமம்.

மாற்றுப் படலம்

ஆகவே மெய்க்கீர்த்தி செத்துப்போகவில்லை, இலக்கணம் கற்றுக்கொண்டது. பன்னிரண்டு தடவை சொன்னால் அடி விழும், ஒரே தடவை அழுத்தமாகச் சொன்னால் போதும் என்று தெரிந்துவிட்டது. கம்பெனிகள் தாங்கள் விற்பதைப் பற்றிப் பட்டியல் போடும் நடுவர்களாக மாறின. "இந்த ஆண்டின் சிறந்த 10 மென்பொருள்கள்" என்று தலைப்பு. முதலிடம்? பட்டியல் போட்டவர். மாப்பிள்ளை வீட்டாரே ஜாதகம் எழுதி, பொருத்தமும் பார்த்து, பத்துக்குப் பத்து என்று கையெழுத்தும் போட்டுவிடுவது. ஜனவரி முதல் தேதி காலையில் பழைய வருடத்தை அழித்துப் புது வருடத்தைப் போடுவார்கள். உள்ளே ஒரு எழுத்து மாறாது. ராஜராஜன்கூட அடுத்த ஆட்சியாண்டுக் கீர்த்தியில் புதிதாக ஒரு நாட்டையாவது பிடித்துவிட்டு எழுதினான்.

இதைவிடத் தந்திரமான ரகம் "இன்னாருக்கு மாற்று". எதிரியின் பெயரைத் தன் டைட்டிலில் போட்டு, எதிரியைத் தேடிவரும் ஆளைத் தன் வாசலில் இறக்கிக்கொள்வது. கோபன்ஹேகனில் 2007-ல் பிறந்த ஸென்டெஸ்க், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருள். சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் உட்பட அதற்குப் போட்டிகள் வந்தன. "ஸென்டெஸ்க் ஆல்டர்னேட்டிவ்" என்பது ஜனங்கள் தேடும் சொல்லாகிவிட்டது. மானநஷ்ட வழக்குப் போடலாம், விலையைக் குறைக்கலாம். ஸென்டெஸ்க் இரண்டும் செய்யாமல் ஒரு ராக் இசைக்குழுவைக் கற்பனையாக உருவாக்கியது. ஆல்டர்னேட்டிவ் ராக் என்று ஓர் இசைவகை இருக்கிறதல்லவா? அந்தக் குழுவின் பெயர் "ஸென்டெஸ்க் ஆல்டர்னேட்டிவ்". அதற்கொரு இணையதளம். மாற்று தேடி வந்தவன் கிட்டாரோடு நிற்கும் நாலு பரட்டைத் தலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். இந்தச் சரித்திரத்தில் கலைக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அது.

செல்பேசிச் செயலிகளுக்கும் இந்தக் காய்ச்சல் வந்தது. ஆப்பிள் தன் கடையில் செயலியின் பெயருக்கு 255 எழுத்து வரை இடம் கொடுத்திருந்தது. பெயருக்குள்ளேயே விண்ணப்பம், பிரார்த்தனை, சுயசரிதை எல்லாம் எழுதிவிட்டார்கள். 2016-ல் 50 எழுத்தாகக் குறைத்தது. அதிலும் அடங்காததால் 2017-ல் 30. அட்டாரியை முந்தப் பெயர் வைத்த கம்பெனிதான், "பெயரை வைத்து முந்தப் பார்க்காதீர்கள்" என்று பிறருக்குப் பாடம் எடுத்தது.

தீர்ப்புப் படலம்

2021 ஆகஸ்டில் கூகுளுக்குப் பொறுமை போயிற்று. நீங்கள் எழுதும் தலைப்பு சரியில்லை என்றால், பக்கத்தின் உள்ளே இருக்கும் தலைப்பு வரியையோ வேறு எதையோ எடுத்து நானே போட்டுக்கொள்கிறேன் என்று புது முறை கொண்டுவந்தது. தலைப்பு வியாபாரிகள் வீதிக்கு வந்தார்கள். "எங்கள் தலைப்பில் கை வைக்க நீ யார்?" என்று ஒரே கூச்சல். இருபத்தைந்து வருடமாக வாசகனின் தலையில் கை வைத்தவர்கள் கேட்ட கேள்வி. கூகுள் கொஞ்சம் இறங்கி வந்து, செப்டம்பரில் கணக்குச் சொன்னது: முன்பு சுமார் 80 சதவீதம் உங்கள் தலைப்பைக் காட்டினோம், இப்போது 87 சதவீதம். அதாவது நூறு ராஜாக்களில் பதின்மூன்று பேரின் மெய்க்கீர்த்தி அப்போதும் சிற்றுளியால் கொத்தி எடுக்கப்பட்டது.

2024-ல் இருந்து நிலைமை இன்னும் சுவாரசியம். கூகுள் பல கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பதிலைத் தானே மேலே எழுதிவைத்துவிடுகிறது. ராஜா முன்வாசலில் கிரீடத்தோடு நின்றுகொண்டிருக்கிறார். ஆடுகளைப் பின்வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

டிம் பெர்னர்ஸ்-லீ செய்த அந்த முதல் பக்கத்தை இன்றும் சேர்ன் வைத்திருக்கிறது. போய் டைட்டிலைப் பாருங்கள். "தி வேர்ல்ட் வைட் வெப் ப்ராஜெக்ட்". ஆங்கிலத்தில் இடைவெளியையும் சேர்த்து 26 எழுத்து. "சிறந்த" இல்லை. "நம்பர் 1" இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை, சேர்ன் பெயரும் இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று அந்தத் தொழில்நுட்பத்தைச் சேர்ன் உலகத்துக்கே சும்மா கொடுத்தது. "இலவசம்" என்றுகூடத் தலைப்பில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் யாரும் மறிக்காத வீடு. திறந்தால் எதிரிலேயே, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், 96 ஆடும் நிற்கின்றன.